எடைச்சீட்டின் பின்புறம்

வடக்கு டகோட்டா. அக்டோபர். இரவு இரண்டு மணி.
சர்க்கரைக் கிழங்கு லாரிகளின் வரிசையில்
பதினேழாவதாக நிற்கிறேன்.

பழைய எடைச்சீட்டின் பின்புறம் கணக்கு:
விமானவியல் பட்டம், நான்கு வருடம்,
கடன் எங்கள் அறுவடை இயந்திரத்தைவிடப் பெரியது.
கணிதம் என்றால் பாதி.
சனிக்கிழமைகளில் வாடகை செஸ்னா,
மணிக்கணக்கில்
வானத்தைச் சில்லறையாக வாங்கலாம்.
"கேப்டன் ஆவதற்குள் பல் கொட்டிவிடும்"
என்கிறான் ஹால்வர், முன் லாரியிலிருந்து.

எடைமேடையில்
பாரத்தோடு ஒருமுறை நிறுக்கிறார்கள்,
கொட்டிவிட்டு ஒருமுறை.
கழித்தால் வருவதுதான் கிழங்கு.

என்னையும் அப்படி
வானத்தோடு ஒருமுறை,
இறக்கிவிட்டு ஒருமுறை நிறுத்தால்?

படிவத்தில் முதல் விருப்பம் இன்னும் காலி.
குளிரில் உறைந்த பேனாவை
வாயில் வைத்துச் சூடாக்குகிறேன்.
ஒரு சொல் எழுதிவிட்டேன், கணிதமல்ல.
பின்னாலிருந்து ஹாரன்.
சரி சரி, நகர்கிறேன்.