ஒரே பள்ளம்

நீடாமங்கலம் கிளையில் லாக்கர் அறைக்குப் பக்கத்தில்
இரும்பு அலமாரி; உள்ளே ரவுட்டர் இரண்டு.
மேலது வேலை பார்க்கும்.
கீழது காது கொடுத்திருக்கும்.

மூன்று நொடிக்கொரு தரம் மேலது சொல்லும்: இருக்கிறேன்.
கீழதும் சொல்லும்: நானும்.
பத்து நொடி மேலே பேச்சில்லை என்றால்
கீழது அந்த முகவரியைத் தன் பேருக்கு எடுத்துக்கொள்ளும்.
கவுண்டர்க் கணினிகளுக்குத் தெரிந்தது அந்த ஒரு முகவரிதான்,
பின்னால் ஆள் மாறியது தெரியாது.

சோதனை நாளில் மேலதன் பிளக்கை நானே பிடுங்கினேன்.
கேஷியர் மரியபுஷ்பம், திரை நின்றுபோச்சு, என்றாள்.
வாய்க்குள் எண்ணினேன்.
பதினொன்றில், வந்துடுச்சு.
அன்றைக்கு டீயில் சர்க்கரை கூடுதலாகவே இருந்தது.

இரண்டு கம்பெனியிடம் லைன்.
இரண்டு பில்,
இரண்டு குரலில் ஒரே மன்னிப்பு.
வரைபடத்தில் ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

மே மாதம், குறுவைக் கடனுக்கு வாசல்வரை வரிசை.
பதினொன்று இருபதுக்குத் திரை நின்றது.
எண்ணினேன். பதினொன்று. இருபது. நாற்பது.
அலமாரியைத் திறந்தால் விளக்கெல்லாம் பச்சை.
இருக்கிறேன், என்கிறது மேலது.
நானும், என்கிறது கீழது.
இரண்டும் இருக்கின்றன.
வெளியேதான் யாருமில்லை.

மரியபுஷ்பம் செலான் முதுகில்
டோக்கன் எண் எழுதத் தொடங்கினாள்.
நான் ஸ்கூட்டரில் கோரையாற்றுக் கரையோடு போனேன்.
தூர் வாருகிற ஜேசிபி, கொட்டாவி விட்டபடி நின்றது.
அதன் பல்லில் ஆரஞ்சுக் குழாய் ஒன்று, நீலம் ஒன்று,
உள்ளே முடிபோல் கண்ணாடி இழை.

தனக்கோடி இறங்கி வந்தார்.
"ஒரு கொத்துதாம்மா கொத்தினேன்.
ரெண்டும் ஒரே பள்ளத்துல கெடந்துச்சு."

மூணாறு தலைப்பில் ஷட்டர்கள் இறங்கிக் கிடந்தன.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு:
பேர் மூன்று,
மேட்டூர் திறக்காதவரை
மூன்றிலும் ஒரே மணல்.
இத்தனை நாள் இதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்.

இழை ஒட்டுகிறவர் மன்னார்குடியிலிருந்து வர
மணி நாலரை.

போன வாரம் மூன்றாவது லைன் விற்க ஒரு பையன் வந்தான்.
"மேடம், இது காத்துல வருது. குழியே கிடையாது."
எந்த டவர், என்றேன்.
சொன்னான்.
அந்த டவருக்கு எந்தப் பள்ளம்?

பேனாவை மூடினான்.
கேட்டுச் சொல்கிறேன் என்று போனவன்
இன்னும் பேசவில்லை.
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.