முப்பத்தேழுக்கு ஒன்பது

அமிர்தி ஏற்றம், மூன்றாவது வளைவு.
வேட்டு போட்டதுபோல் அடியில் ஒரு சத்தம்.
எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
கியர் விழுந்தது, கிளட்ச் பிடித்தது,
புரொப்பெல்லர் சுற்றுவதுகூடக் கேட்டது.
வண்டி மட்டும்
ஐம்பத்திரண்டு பலாப்பழத்தோடு
பின்னோக்கி நகர்ந்தது.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.
பழைய ஜீப் ஜாதி. அதன் பிடி
நடுத் தண்டில், சக்கரத்தில் இல்லை.
தண்டுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்தபின்
எதைப் பிடிக்கும்?
கால் பிரேக்கில் ஏறி நின்றேன்,
செல்வராணி ஒரு பாறாங்கல்லை
வைதுகொண்டே உருட்டி வரும்வரை.

"எழுபத்தொண்ணு மாடல் பெட்ரோல் வண்டி.
அதுல மேட்டடார் டீசல தூக்கி வெச்சா
இடுப்பு தாங்குமாக்கா?"
ஓட்டேரிப் பட்டறையில் தேசிங்கு கேட்டான்.
வைத்தவன் அவன்தான்.
என் தம்பியும் அதையே சொன்னான்,
கடன் கொடுத்தவரும்.
எல்லா விரலும் எஞ்சினை நீட்டின.
அது பாட்டுக்கு
எண்ணெய் சொட்டிக்கொண்டு நின்றது.

ஷாப்ட்டை உருவினான்.
முறிந்த முகத்தைப் பெட்ரோலில் துடைத்து
வெளிச்சத்துக்குத் திருப்பினான்.
ஓரத்தில் பிறையளவு கறுப்பு.
மிச்சமெல்லாம்
அப்போது உடைத்த கல்லுப்பு.

"கறுப்பு பழசு" என்றான், குரல் இறங்கி.
நான் வாங்குவதற்கு முன்பே,
பேரணாம்பட்டிலிருந்து எவருக்கோ
ஈரத்தோல் சுமந்த நாட்களிலேயே
கீறல் விட்டிருக்கிறது.
அதற்கப்புறமும் ஓடியிருக்கிறது,
ஒரு வார்த்தை சொல்லாமல்.
எஞ்சினிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.
நான் பானெட்டை மெதுவாக மூடினேன்.

ஆற்காட்டுப் பாலம் தாண்டி
முனவ்வர் பாயின் காயலான்கடை.
மண்ணில் மூன்று ஆக்சில் கிடந்தன.

ஒன்று, அதே ஜாதி.
மூவாயிரத்தைந்நூறு. சாயங்காலமே மாட்டிவிடலாம்.
அதற்குள்ளும் ஒரு பிறை இருக்கிறதா என்று
பிளந்தா பார்க்க முடியும்?

இன்னொன்று லாரியுடையது.
அண்டா போல் வயிறு.
அமிர்தி ஓடையின் ஒவ்வொரு கல்லும்
அதைத் தட்டிப் பார்க்கும்.
"இது முறியாதுக்கா. இதப் போட்டா
அடுத்து ஸ்பிரிங் போவும்,
அப்புறம் சேசிஸ்.
அப்புறம் நீங்க."

மூன்றாவது, வாலாஜா பக்கம் கவிழ்ந்த பிக்கப்பின் மிச்சம்.
பழைய ஷாப்ட் முனையில் பத்து வரி,
இதில் முப்பது.
பக்கத்துக்கு இரண்டு விரல் அகலம் கூட.
கடைப்பையன் ஒரு சக்கரத்தை அணைத்துக்கொள்ள
இன்னொன்றில் சாக்பீஸ் கோடு போட்டு
இரண்டு முழுச் சுற்று சுற்றினேன்.
தேசிங்கு பினியன் பக்கம் குந்தி எண்ணினான்.
நாலு.
நாலுக்கு மேல் ஒரு சின்ன நகர்வு.
"முப்பத்தேழுக்கு ஒன்பது!"
ஜாதகம் பொருந்திய தரகன்போல் சிரித்தான்.
பழையது நாற்பத்துமூன்றுக்கு எட்டு.
ஐம்பதைத் தொட்டாலே டீசல் அலறும்.
முன்சக்கரங்களுக்கு இந்த வண்டியில் வேலை கிடையாது;
பொருத்தம் பார்க்க அந்தப் பக்கம் யாருமில்லை.

பாய் பதினொன்று சொன்னார்.
ஒன்பதரைக்கு வந்தபோது
வெயில் பாலாற்று மணலுக்குப் போயிருந்தது.

ஸ்பிரிங் பட்டையை வெட்டி, வேறிடத்தில் ஒட்டி,
பினியன் மூக்கைக் கொஞ்சம் தூக்கி,
நான்கு நாள்.
டயர் இப்போது மட்கார்டுக்கு வெளியே நிற்கிறது.
கூலிங்கிளாஸ் போட்ட பள்ளிப்பையன் மாதிரி
வண்டிக்கே கூச்சம்.
பாகாயத்தில் ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

நேற்று மறுபடி மூன்றாவது வளைவு.
அறுபது பழம்.
ரேடியோவை அணைத்தேன்.
செல்வராணியும் பேச்சை நிறுத்தினாள்.
சத்தம் வரவில்லை.
வராததால்
மற்ற சத்தமெல்லாம் கேட்கத் தொடங்கியது:
கிராஸில் ஒரு டிக், கதவில் ஒரு கிறீச்,
பெயர் தெரியாத ஒன்று, இடதுபக்கம், அடியில்.

உச்சியில் நிறுத்தினோம்.
செல்வராணி கல் தேடவில்லை.
சீட்டுக்கடியிலிருந்து
முறிந்த ஷாப்ட்டை இழுத்துப்போய்ச்
சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தாள்,
கறுப்புப் பக்கம் மேலே.