இருபத்தேழு

வத்தலக்குண்டு கறிக்கடைகளிலிருந்து
கடைசி பஸ்ஸில் ஏறி வருகிறது ஃபிளாஸ்க்.
கண்டக்டர் பெத்தண்ணன் மடியிலேயே வைத்திருப்பார்,
மூடியைத் திறந்து பார்த்ததில்லை.
"சூடு ஆறலம்மா" என்பார், டீயைச் சொல்வதுபோல.

உள்ளே உப்புநீரில் முப்பத்தொரு சூலகங்கள்.
காலையில் வெட்டுப்பட்ட ஆடுகள்
இருட்டியபின் மன்னவனூர் ஏறுகின்றன.

ஒரு பகல், ஒரு ராத்திரி
முட்டைகளை இன்குபேட்டரில் முற்றவிடுகிறோம்.
பிறகு என் வேலை.
அன்று மதியத்துக்குமேல் காபி குடிக்கமாட்டேன்.
விரல் மயிரிழை நடுங்கினாலும்
திரையில் அது மலைரோட்டு வளைவு.

ஒரு கண்ணாடிக்குழாய் முட்டையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்.
கூரானது என் வலக்கையில்.
முட்டையைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறேன்,
ஓட்டுக்கு உள்பக்கம் ஒட்டிய சின்னக் குமிழியை.
துருவ உடல். வேண்டாமென்று முட்டையே கழித்துவைத்த பாதி.
மீதிப் பாதி அதன் பக்கத்தில்தான் பதுங்கியிருக்கும்.
ஓடிப்போன அண்ணனை நாங்கள் கண்டுபிடித்ததும்
அவன் கழற்றிப்போட்ட ஸ்வெட்டரை வைத்துத்தான்.

குத்தி, மெல்ல இழுக்கிறேன்.
குழாய்க்குள் வந்த துளியை மட்டும்
நீல விளக்கில் காட்ட வேண்டும்,
முட்டைமேல் அந்த வெளிச்சம் படக்கூடாது.
ஒளிர்ந்தால் வந்துவிட்டது.
தாய்வழிக் குரோமோசோம்கள். ஆட்டு முட்டைக்கு இருபத்தேழு.
நட்சத்திரக் கணக்கும் அதுதானே?
அசுவினியிலிருந்து ரேவதிவரை ஒரே பொட்டாக,
மூடுபனிக்குள் பூண்டி விளக்கு தெரிவதுபோல.
அதை எண்ணெய்க்கடியில்
ஓர் ஓரமாகத் துப்பிவிடுகிறேன்.

"காலியா?" என்பார் டாக்டர் ரெஜினால்டு.
"காலி சார்."

பொய்.
உள்ளே லட்சம் மைட்டோகாண்ட்ரியா,
தாய் மூட்டிய அடுப்புகள்.
அவற்றை எடுக்கும்படி யாரும் சொல்லவில்லை.
வீட்டுக்காரியை வெளியே தள்ளிவிட்டு
அவள் நெருப்பில்தான் உலை வைக்கப்போகிறோம்.

உலையில் போட,
நானூற்றுப் பதினேழாம் பெட்டையின்
காதுத்தோலில் வளர்த்த செல்.
ஐப்பசி மழையில் செந்நாய்கள் தின்றது போக
காது கிடைத்தது.
அந்தக் கம்பளி இன்னொரு ஆட்டில் இல்லையாம்.
அது திரும்பி வரவேண்டும் என்கிறது ஃபைல்.

நேற்று நாற்பத்திரண்டாவது முட்டையில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் உறுமி எழப் பதினோரு நொடி.
இருட்டில் இரண்டு கையும் திருகில்,
நான் மூச்சு விடவில்லை.
வெளியே பட்டியில் ஏதோ ஓர் ஆடு இருமியது.
விளக்கு வந்ததும் பார்த்தேன்:
பாதி குழாயில், பாதி உள்ளே.
அவள் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை.

நோட்டில் 'சேதம்' என்று எழுதினேன்.
அடுத்ததைப் பிடித்தேன்.

விடிந்துவிட்டது.
முதல் பஸ்ஸுக்கு ஃபிளாஸ்கைக் கழுவிக்
கவிழ்த்திருக்கிறேன்.
தட்டை மட்டும் இன்னும் எறியவில்லை.