சுவரில் ஒரு சதுர ஓட்டை

மில்வாக்கியில், லிங்கன் தெரு முனையில்
காசிமிரின் மதுக்கடையும் லொரெய்னின் சாண்ட்விச் கடையும்
ஒரே சுவரில் முதுகு சாய்த்திருக்கின்றன.
விவாகரத்தில் எல்லாம் பிரிந்தது,
கார், நாய், ஏரிக்கரை வீடு.
சுவரிலிருந்த சதுர ஓட்டையை மட்டும்
வக்கீல்கள் மறந்துவிட்டார்கள்.

மணியை ஒரு தட்டு.
ரை ரொட்டிக்குள் ஆவி பறக்கும் மாட்டிறைச்சி,
கடுகு நேராக மூக்குக்கு.
பகலெல்லாம் பனி வாரிய லாரியில்
மரத்துப்போன விரல்கள்
ஒவ்வொன்றாக என்னிடம் வருகின்றன.
இந்த வாரம் அவன் காய்ச்சியது
கறுப்பு பீர், காபிக் கசப்பு;
பலகையில் இன்னும் பெயரில்லை.

கடை மூடும் நேரம்.
அரைக் கிளாஸை ஓட்டையில் வைத்துவிட்டு
மேஜை துடைக்கப் போகிறான்.

கிளாஸ் காலியாகத் திரும்புகிறது.
அடியில் ஒரு சீட்டு:
"இன்னும் கசக்கலாம்."

அவன் சிரித்ததைப் பார்க்காதவன்போல்
ஊறுகாய் வெள்ளரியைச்
சத்தமாகக் கடிக்கிறேன்.