ஏறப் பொறுத்தவன்

எல் ஆல்ட்டோவில் தண்ணீர்
எண்பத்தேழு டிகிரியிலேயே கொதித்துவிடும்.
கொதிக்கும், கொதிக்கும்,
உருளைக்கிழங்கு மட்டும் வேகாது.
நாலாயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரம்;
காற்று இங்கே
கறந்தவன் கைவைத்த பால்போல நீர்த்தது.

அதற்குத்தான் இந்த இரும்பு நத்தை.
புகை போகும் வழியில் குந்திக்கொண்டு
புகையின் வேகத்தையே கடன்வாங்கி
காற்றைத் திணித்துத் திணித்து
எஞ்சினுக்கு ஊட்டும்.

இப்போது பிளந்து கிடக்கிறது என் மேசையில்.
தண்டு அசையவில்லை.
எண்ணெய்த் துளையில் ஊசி விட்டேன்:
அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டினாற்போல்
கரி, கரி.

"தண்ணி வேண்டாம் நியெவெஸ்,"
என்றான் எலியோடோரோ. பாதிக் கடை அவனுடையது.
வியாழன் சந்தையில் பேரம்பேசி வாங்கிய டர்போவை
மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே சொன்னான்.
"அந்த ரெண்டு ஓட்டையையும் அடைச்சிடு.
பழைய லாரிக்கெல்லாம் ஏது தண்ணி?
எண்ணெய்தானே ஆறவைக்குது.
குழாய் ரெண்டு, கிளாம்ப் நாலு,
நூத்தி எண்பது பொலிவியானோ மிச்சம்.
அதோட, எண்பத்தேழுல கொதிக்கிற தண்ணி
யாரை ஆறவைக்கப் போகுது?"

"மூடி இறுக்கமா இருந்தா கொதிக்காது" என்றேன்.
மற்றதற்கெல்லாம் உடனே பதில் வரவில்லை.
அவன் சொன்னதில் பொய்யில்லை, அதுதான் சங்கடம்.
நிமிடத்துக்கு லட்சம் சுற்றுச் சுற்றும் தண்டு
எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது.
ஓடும்வரை எண்ணெய் போதும்.

சாவியை அணைத்த பிறகு?
எண்ணெய் நின்றுவிடும்.
சூடு நிற்காது.
சிவந்த சுருளிலிருந்து இறங்கி
தண்டு வழியாக நடந்து வந்து
நின்றுபோன எண்ணெயைக்
கொஞ்சம் கொஞ்சமாய்ப் பொரிக்கும்.

தண்ணீர் இருந்தால்,
பம்பு நின்ற பின்னும் அது போய்வரும்.
சுட்டது மேலே ஏறும்,
குளிர்ந்தது அந்த இடத்துக்கு வரும்.
தள்ள ஆளில்லாமல்
பானெட்டுக்குள் இருட்டில் சற்று நேரம்
ஒரு சின்ன ஆறு.

"நிறுத்தறதுக்கு முன்னாடி
ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டா
அதையேதான் எண்ணெயும் பண்ணும்."
எலியோடோரோ விடவில்லை.
அதுவும் சரிதான்.

வாசலில் நின்றிருந்தார் காசியானோ, வண்டிக்காரர்.
"நிறுத்தினதும் ரெண்டு நிமிஷம் ஓடவிடுவீங்களா?"
"விடுவேனே!" என்றார், தொப்பியைக் கழற்றி.
அவர் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது.
சதுர்னினா. அவர் மனைவி.
மினிபஸ் கதவில் தொங்கி
நிறுத்தம் நிறுத்தமாய்க் கூவுகிறவள்.
"லா பாஸிலேர்ந்து ஐநூறு மீட்டர் ஏத்தம்,
ரெண்டாவது கியர்லயே வருவார், முனகாம.
மேல வந்தாச்சுன்னா
சக்கரம் நிக்கறதுக்குள்ள சாவி பாக்கெட்டில!
ஆப்பி விக்கிறவள்
எஞ்சின் அணையற சத்தம் கேட்டுத்தான்
கிளாஸ்ல ஊத்தவே ஆரம்பிப்பா."

ஏறப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கமாட்டான்.
எலியோடோரோ ஒன்றும் பேசாமல்
பில்லில் இரண்டு குழாய் எழுதினான்.
கிளாம்பை எழுதவில்லை. நான் எழுதினேன்.
சாயங்காலம்வரை
எங்களுக்குள் ஸ்பானர் சத்தம் மட்டும்.

முன்சக்கரத்தில் பீர் தெளித்து
முதல் துளியைப் பூமிக்கு விட்டு
காசியானோ கீழே போய் மேலே வந்தார்,
ஆள் நிரப்பிக்கொண்டு.
கடை முன்னால் வந்து நின்றார்.
நான் வாய் திறப்பதற்குள்
அணைத்துவிட்டார்.
ஊதா நிறத்தில் ஆவி பறக்கும் தம்ளரைத் தேடி
அதோ தெருவைக் கடக்கிறார்.

பானெட்டைத் தூக்கினேன்.
கீழ்க்குழாய் வெதுவெதுப்பு.
மேல்க்குழாய் விரலைச் சுட்டது.
உள்ளே ஏதோ களுக்கென்றது,
பிறகு மறுபடியும்.

எலியோடோரோ வந்தான். தொட்டான்.
விரலை உதறிக்கொண்டு
கொஞ்ச நேரம் பனிமலைப் பக்கம் பார்த்தான்.

"லாரிக்கு வேண்டாம்" என்றான்.