நானூற்றுப் பதினேழு

சாவி, பறங்கியன் விட்டுப்போன சொல்.
கந்தோர், ஒல்லாந்தன் விட்டது.
லைசன் நேற்று வந்தது, வருசத்துக்கு ஒரு ரூபாய்.
துவக்கு எந்தக் கப்பலில் இறங்கியதோ தெரியாது.
சொல்லிப் பார்த்தால்
தொடங்கு என்றும் கேட்கிறது.

கோட்டைக்குள் எனக்கொரு மேசை,
முதுகு பிரிந்த பேரேடு.
படுவான்கரையிலிருந்து இருட்டோடு தோணியேறி
சாக்கில் சுற்றிய இடியன்களோடு வந்தார்கள்,
காய்ச்சல் பிள்ளையை ஆசுபத்திரிக்குத்
தூக்கி வருவதுபோல.
பெயர். ஊர். காரணம்.
காரணம் எல்லாருக்கும் பன்றி.

எண் கொத்த ஆள் வேண்டுமென்றார் துரை.
தாண்டவன்வெளி சில்வெஸ்தர் ரொசைரோ வந்தார்,
எண்ணுக்கு மூன்று சதம்.
குழல், கரைதட்டிய கப்பலின் நீராவிக் குழாய்.
பிடி, முதிரை.
சன்னம், வலையில் கழற்றிய ஈயமணி.
பாதிக்குமேல் அவர் பட்டறையில் பிறந்தவை.
முன்பின் கண்டிராதவர்போல்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஆர் செய்த சாமான் இது? பிழையில்லை"
என்றார் ஒருதரம்.
நான் மைக்கூட்டுக்குள் சிரித்தேன்.

கொத்தளத்தில் வாய்பிளந்து கிடக்கும் பீரங்கிக்கு
எண் கேட்டு யாரும் வரவில்லை.

மாரி முடிய
இரண்டு கடதாசிகள் ஒரே தபாலில் வந்தன.
தை பதினொன்று இரவு, உன்னிச்சையில்
ஓர் அலியன் சுடப்பட்டது. துவக்கு 417.
அதே இரவு, சாகாமத்தில்
ஒரு மரை. துவக்கு 417.
நடுவில் நாற்பது கட்டை,
பெருகிக் கிடந்த ஆறு.
துரை ரொசைரோவைக் கேட்டார்.
"நல்ல துவக்கு துரை. தூரம் சுடும்."
துரைக்கே சிரிப்பு வந்துவிட்டது.
நான் இரண்டு கடதாசியையும் ஒன்றாக மடித்தேன்.
எனக்கு அன்றே விளங்கிவிட்டது.

ஆனியில்
கண்ணாப்போடியார் வட்டையில்
காவற்பரணில் ஏறிய நாகமணி
விடிந்தும் இறங்கவில்லை.
நெஞ்சில் ஏழு ஈயமணி.
அந்த இரவு துறையைக் கடந்தது
ஒரேயொரு துவக்கு.
விளக்கில்லாத தோணிக்காரன்
குழலை விரலால் தடவி
எண்ணை வாசித்தானாம்.

பேரேட்டைத் திறக்கச் சொன்னார்கள்.
திறந்தேன்.
417. வேலாப்போடி சாமித்தம்பி, மகிழடித்தீவு.
காரணம் பன்றி.
விலங்கு பூட்டும்போது
எழுத்துத் தெரியாத சாமித்தம்பி
என் கையைப் பார்த்தான்.
முகத்தை அல்ல.

மூன்றாம்நாள் கோட்டை வாசலில் ஒரு வண்டில்.
வைக்கோலை விலக்கினார் ரொசைரோ,
அடியில் ஆறு இடியன்.
சம்மாந்துறை ஆதம்பாவாவுடையது ஒன்று,
பாணமைப் புஞ்சிராளையுடையது ஒன்று.
மற்றவை யாருடையவை என்று
அவர் சொல்லவில்லை.
ஆறிலும் 417.
"ரூபாய் இல்லாத ஆக்களுக்கு
ஒரு எண்ணைப் பங்குவைச்சன் துரை" என்றார்.
"உளி என்ர. எழுதிக்கொள்ளுங்க."

இந்தமுறை துரை சிரிக்கவில்லை.
ஏழில் எதுவென்று
வழக்கால் சொல்ல முடியாததால்
சாமித்தம்பியை விட்டார்கள்.
ரொசைரோவுக்கு ஒன்பது மாதம்.
உளியை வாவியில் எறிந்தார்கள்,
நான் சாட்சிக் கையொப்பம் வைத்தேன்.

ஒன்று எழுதாமல் விட்டேன்.
ஆறையும் என் மேசையில் அடுக்கும்போது
பழக்கத்தில்
ஒவ்வொரு குழல்வாயையும் முகர்ந்து வைத்தார்.
நாலாவதை இரண்டுதரம் முகர்ந்தார்.
கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்தார்.
பிறகு சட்டை நுனியால் வாயைத் துடைத்து
மற்றவற்றின் நடுவில் செருகினார்.
நாலாவது எந்த ஊர் என்று
நான் கேட்கவில்லை.
பேரேட்டில் அதற்கு நிரலும் இல்லை.

நாகமணியின் பெண்சாதி
மாதமொருமுறை தோணியேறி வருகிறாள்.
தூணடியில் நின்று
"ஆரெண்டு தெரிஞ்சிதா ஐயா" என்கிறாள்.
நான் மைக்கூட்டை நிரப்புகிறேன்,
நிரம்பியிருந்தாலும்.