கடைசிப் பந்தி

முதல் ஆள் திங்கட்கிழமை காலை நாலரைக்கு.
ஆறு மணிக்குள் எட்டுப் பேர்.
மதியத்துக்குள் குடியாத்தம் அரசு ஆஸ்பத்திரியில்
ஒரு கட்டிலுக்கு இருவர்,
ஒருவர் தலைமாட்டில் இன்னொருவர் கால்.

கோடு போட்ட நோட்டோடு போய் நின்றேன்.
நேத்து என்ன சாப்டீங்க?
வாந்தி எடுப்பவரிடம் கேட்கத் தகாத கேள்வி.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

காதுகுத்து. ஒரே மண்டபம்.
கோழிதான் மேடம், என்றார்கள் கோழி தின்றவர்கள்.
கோழிதான், என்றார்கள் தொடாதவர்களும்
இன்னும் கொஞ்சம் சத்தமாக.
நோட்டில் கட்டங்கள் வேறு மாதிரி நிரம்பின:
சைவப் பந்தியில் முப்பத்தி நாலு.
கோழிப் பந்தியில் ஒன்பதே பேர்,
அவர்களும் பக்கத்துப் பந்தியில் கேட்டு வாங்கியவர்கள்.

முனிரத்தினம் கையை விரித்துக் காட்டினார்.
புண் இல்லை. நகம் வெட்டியிருந்தது.
"கொதிக்கக் கொதிக்க எறக்கினேம்மா,
அதுல இன்னா கீது?"
அதில் ஒன்றுமில்லைதான்.
விடியுமுன் அதை வெட்டிய பலகை,
ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி வழித்துவிட்ட பலகை,
அதில்தான் ரேணு வெள்ளரிக்காய் நறுக்கினாள்.
ஊறிய பாசிப்பருப்பு, தேங்காய்த் துருவல்.
அன்றைக்கு அடுப்பையே பார்க்காத ஒரே பண்டம்
கோசுமல்லி.
ஈ மொய்க்கக் கூடாதென்று
பத்திரமாக மூடி வைத்தார்கள்.

கத்திரி வெயில். தகரக் கொட்டகை.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும்.
மேளக்காரர்கள் காபி கேட்டபோது ஆயிரம் தாண்டியிருக்கும்.
பத்தர் கம்பியை எடுத்தபோது
எழுத என் நோட்டில் இடம் போதாது.
குழந்தை வீறிட்டது.
எல்லாரும் சிரித்தபடி பந்திக்கு எழுந்தார்கள்.

நோய் வராதவர்களையும் கேட்க வேண்டும்.
செருவங்கியில் தேசிங்கு, சுத்த சைவம்,
கடைசிப் பந்தி.
"எனக்குன்னு வரும்போது கோசுமல்லி தீந்துபோச்சாம்.
ஒரு கரண்டி வைக்க வக்கில்ல.
இனிமே அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."
உடம்பு?
"உடம்புக்கு இன்னா? மனசுதான் ஆறல.
அதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.
நாற்பத்து மூன்று பேர் சொல்லாததை
அந்த ஒரு வரி சொல்லிவிட்டது.

கிளம்பும்போது அவர் மனைவி
மோர் கொண்டுவந்து நீட்டினார்.
மேலே பொடிப்பொடியாய் வெள்ளரிக்காய்.
குடித்தேனா என்று
என்னிடம் யாரும் கேட்கவில்லை.